மீன்தொட்டிக்கு ஆகாத கை

மீன்தொட்டியில் மறுபடியும் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. முனிரத்தினம் புத்தூர் வண்ணமீன் கடைக்குப் போன் போட்டார்.

"தண்ணி மாத்திக்கினு, பில்டர் கழுவிக்கினுதான் இருக்கேன். அப்பவும் சாவுதே சலீம்?"

"வாசனைப் பொருள் எது கலந்தாலும் மீன் தாங்காது சார். யாராவது சோப்புக் கையை உடறாங்களா பாருங்க."

அவர் மருமகளை முறைத்தார்.

"தொட்டிகிட்டயே நான் போவல மாமா," சுஷ்மிதா அழுதாள்.

"உன் கை பட்டா எதுவும் வெளங்காது. பாலசமுத்திரத்துக்கே போ, உங்க நைனா ஊட்டுக்கு."

பையோடு அவள் படியிறங்கினாள்.

முனிரத்தினம் நிம்மதியாகக் குளித்துவிட்டுப் பூஜையறைக்குப் போனார்.

"ஏழுமலையானே, மிச்ச மீனையாவது காப்பாத்து!"

தினமும் தொட்டியில் ஊற்றும் தீர்த்தத்தை இன்று ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினார். அதில் கரைத்திருந்த பச்சைக் கற்பூரம் வீடெங்கும் கமகமத்தது.