மணலில் ஒரு கறுப்பு

"இன்னிக்கும் சரின்னு சொல்லலைன்னா நான் எதிர்க் கடைக்கே போறேண்ணே. அங்க போட்டோஷாப் இருக்கு. ஏசியும் இருக்கு" என்றாள் மஜீதா.

ஸ்டுடியோ முதலாளி முத்துராமலிங்கம் சாமி படத்துக்கு வாங்கிய பூவில் கொஞ்சம் கிள்ளி, மூலையில் மூன்று காலில் நின்ற பழைய பெட்டிக் கேமராவின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். தினமும் நடப்பதுதான். வேலை செய்யாத கேமராவுக்குப் பூ வைக்கிற மனுஷன் புதுசாக எதை வாங்கப் போகிறார் என்று மஜீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராமநாதபுரத்தில் 'கூத்தையா போட்டோ ஸ்டுடியோ' என்றால் ஒரு காலத்தில் தெரியாதவர் கிடையாது. கூத்தையா, முத்துராமலிங்கம் 'அய்யா' என்று கூப்பிடும் அப்பா. அவர் போய், பிலிமும் போய், இப்போது கல்யாண ஆல்பமெல்லாம் எதிர்க் கடைக்குப் போய்விட்டது. இங்கே மிச்சம் பாஸ்போர்ட் சைஸ்தான்.

படங்களைச் சரிசெய்கிற மஜீதாவும் என்னதான் செய்வாள்? கம்ப்யூட்டரில் இருந்தது, ஸ்கேனரோடு இலவசமாக வந்த புரோகிராம். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். ஒரு பருவை எடுக்கச் சொன்னால் பாதிக் கன்னத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர், ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று போட்டோஷாப்பை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கெடு இன்றோடு முடிகிறது.

"சரிம்மா. ஒரே படத்த ரெண்டுலயும் சரிபண்ணிக் குடு. எது நல்லாருக்கோ அதை வச்சுக்கிருவோம்" என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினார் முத்துராமலிங்கம். "அய்யா எடுத்தது. நாளைக்கு அவருக்குத் தெவசம். வீட்ல மாட்டணும்."

மாரியூர்க் கடற்கரை. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அம்மா. இடுப்புல இருக்கது நான்."

படத்தின் நடுவில் மடிந்து வெடித்த கோடு. வானம் முழுக்கப் புள்ளி. கீழே மணலில் நீளமாக ஒரு கறுப்பு.

மஜீதா மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. போட்டோஷாப்பில் கோடு போயிற்று, புள்ளி போயிற்று. அம்மாவின் மூக்குத்தி மின்னியது. மணலில் இருந்த கறுப்பையும் துடைத்து, அலை வந்து போன தடம்வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். நேற்று எடுத்த படம் போல இருந்தது. பழைய புரோகிராமில் வேண்டாவெறுப்பாக வெளிச்சத்தை மட்டும் கூட்டி இன்னொன்று.

இரண்டையும் பிரிண்ட் போட்டு மேசையில் வைத்தாள்.

முத்துராமலிங்கம் புதியதைத்தான் முதலில் எடுத்தார். முகம் மலர்ந்தது. "அம்மா என்ன அழகா இருக்கு" என்றார். பிறகு விரலால் மணலைத் தடவிப் பார்த்தார். அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்.

"இதையே பிரேம் போட்டுருவோம்மா."

மஜீதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"கோடு கெடக்கு, புள்ளி கெடக்கு. இதுவாண்ணே நல்லாருக்கு? காசு செலவழிக்க மனசில்லைன்னா நேராச் சொல்லிருங்க. நாளைலருந்து நான் வரல" என்று கைப்பையை எடுத்தாள்.

"கோவப்படாம இங்கன வா. அந்தக் கறுப்பு என்னன்னு நெனச்ச?"

"கறை. கைபட்டு, எண்ணெய் பட்டு வந்திருக்கும்."

"சூரியன் படம் எடுக்கிறவரு முதுகுக்குப் பின்னால நின்னா நிழல் முன்னாலதான விழும்? இந்தா பாரு, கேமரா ஸ்டாண்டோட மூணு காலு. இது வெளிச்சம் படாம இருக்கத் தலைக்கு மேல மூடுன துணி. அதுக்குள்ள குனிஞ்சு நிக்கிறது எங்க அய்யா."

மஜீதா குனிந்து பார்த்தாள். மூன்று காலும் தெரிந்தன. குனிந்த முதுகும் தெரிந்தது.

"ஊரையே படம் எடுத்த மனுசன். அவர ஒருத்தரும் எடுக்கல. நாளைக்கு எடுப்போம், நாளைக்கு எடுப்போம்னு நானும் விட்டுட்டேன். அவரு இருக்கிற படம் இது ஒண்ணுதான். பாக்கிறவுகளுக்கு அது கறையாத் தெரியும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. மொதல்லயே சொல்லிருக்கணும்."

மூலையில் இருந்த கேமராவையும் அதன்மேல் இருந்த பூவையும் மஜீதா பார்த்தாள். கைப்பை தானாக மேசைக்குத் திரும்பியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

முத்துராமலிங்கம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"போட்டோஷாப்பையே வாங்கிருவோம்மா. அதுல எங்க அய்யாவ இன்னுங் கொஞ்சம் தெளிவாக் காட்ட முடியுமான்னு மட்டும் பாரு."