தொத்து வியாதி

மசாபா எழுந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவினான். கழுவிய பிறகுதான் இனி அது தேவையில்லை என்று நினைவு வந்தது. மனைவி நம்போசோவைப் புதைத்து ஒரு வாரமாகிவிட்டது.

கேட்டைத் திறந்தான். மசித்த வாழைக்காயைக் கல்மேல் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கைன்சா தள்ளி நின்றாள். சாவு வீட்டில் தெருவே வந்து தங்குவதுதான் ம்பாலே ஊர் வழக்கம். இவன் வாசலை மட்டும் ஒருவரும் தாண்டவில்லை.

“உள்ள வாங்கக்கா. இன்னும் என்ன பயம்?”

“கோவிச்சுக்காத தம்பி. நான் பிள்ளைக்காரி.”

“அவளுக்கு இருந்தது பிறவிக் கோளாறு. உடம்புல எதிர்ப்புச் சக்தியே கிடையாது. அது யாருக்கும் ஒட்டாது. உங்க சளிக்காய்ச்சல் அவளுக்கு ஒட்டினாத்தான் ஆபத்து. எந்தப் புண்ணியவான் இப்படிப் புளுகினது?”

கைன்சா விழித்தாள். “உன் பெண்டாட்டிதான்பா. நீங்க குடிவந்த அன்னைக்கு மூக்கை உறிஞ்சிக்கிட்டே கட்டிப்பிடிக்கப் போனேன். ‘கிட்ட வராதீங்கக்கா, எனக்குத் தொத்து வியாதி, தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க’ன்னா.”

மசாபா வாழைக்காயை நகர்த்திவிட்டுக் கல்லில் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் தெருவையே திட்டித் தீர்த்தபோது, நம்போசோ கடைசியாக ஒன்று சொன்னாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று அவன் விட்டுவிட்டான்.

“அவங்களத் திட்டாத. அவங்க விலகி நின்னதாலதான் இத்தனை வருஷம் உன்கூட இருந்தேன்.”