தாயம்மாவின் ரத்த சொந்தங்கள்

"நீங்க கூட்டிட்டு வந்த பதினோரு பேர்ல ஒருத்தர்கூட உங்களுக்கு ரத்த சொந்தம் இல்லைம்மா! எதுக்கு இப்படிப் பொய் சொன்னீங்க?"

டாக்டர் ஜெபின் கோபப்பட்டு நான் பார்த்ததேயில்லை. எதிரே தாயம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பரம்பரையாக வரும் பிரஷருக்கு எந்த ஜீன் காரணம் என்று தேடுகிற ஆராய்ச்சி இது. 'ரத்த சொந்தம் மட்டும்தான் வரணும்' என்று படித்துப் படித்துச் சொன்ன நர்ஸ் நான்தான்.

டோல்கேட்டில் நாங்கள் போட்ட ரத்தப் பரிசோதனை முகாமுக்குப் பதினோரு பேரோடு வந்து இறங்கினாள் மகராசி.

"இது லூர்து அண்ணன். இது ஷாகுல் மாமா. இது உமைமா, தங்கச்சி..."

"பேரே ஒத்துப்போகலையே?" என்று அப்போதே கேட்டேன்.

"எங்க வூட்ல எல்லாமே கலப்புக் கல்யாணம் மேடம்."

நம்பி எழுதித் தொலைத்தேன். பதினோரு பேரில் ஒன்பது பேருக்குப் பிரஷர். "அடேயப்பா, புதையல் மாதிரி குடும்பம்!" என்று டாக்டர் துள்ளிக் குதித்தார். அந்த ஒன்பது பேருக்கும் மாத்திரை கொடுத்தோம். இப்போது ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்து, விசாரித்துப் பார்த்தால், அத்தனை பேரும் ஒரே தெருக்காரர்கள், அவ்வளவுதான். ரெண்டு மாச உழைப்பு பாழ்.

"ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் குடுத்தோமே, அதுக்குத்தானே?" என்றேன் சுருக்கென்று.

"அய்ய! டப்பாவ நீயே வச்சுக்க மேடம். சார், எங்க பேரையும் அடிச்சுக்கோ. மாத்திரைய மட்டும் நிறுத்திடாத. எங்க வூட்டுக்காரரு இந்தப் பாழாப்போன பிரஷர்லதான் போனாரு. கடைசி வரிக்கும் அத டெஸ்ட் பண்ணிப் பாக்கவே இல்ல."

டாக்டரின் குரல் இறங்கியது. "சரிம்மா. மாத்திரை நிக்காது. ஆனா பிரஷர் பார்க்கணும்னா அவங்க நேரா ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கலாமே? யார் வேணாம்னா?"

"ஒரு வருசமா கூப்ட்டேன் சார். 'எனக்கு இன்னா கேடு, கல்லு மாரி கீறேன்'னுட்டு ஒர்த்தரும் வரல. ஒரு நாள் வேலை போயிடுமாம்."

தாயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசில, 'எனக்கு ஒடம்பு முடியல, உங்க ரத்தம் வேணுமாம்'னேன். வேலைய அப்டியே போட்டுட்டு, பதினோரு பேரும் ஓடியாந்துட்டாங்க சார்."