புரட்டி வைத்த நெகட்டிவ்

தன்னைத்தானே 'ஒளிச்சிற்பி' என்று அழைத்துக்கொள்ளும் குன்னூர் வசந்த்குமார், மனைவி மனிஷாவின் சின்ன நெகட்டிவைப் பெரிய ஃபிலிமில் பெரிதாக்கி, ஒளி பட்டால் நீலமாகும் மருந்து பூசிய காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டினார். கழுவியபோது, நீலப் படத்தில் அவளுடைய இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்தில் இருந்தது. நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டார். ஒளிச்சிற்பி அதை ஒப்புக்கொள்வாரா?

“கலைப் பார்வையில மச்சம் இடம் மாறும், புள்ள” என்று முந்திக்கொண்டார்.

“எங்கீங்க மாறுச்சு? சரியாத்தானுங்களே இருக்குது” என்றாள் டீயோடு வந்த மனிஷா.

நிமிர்ந்தார். அவள் மச்சம் வலக்கன்னத்தில் இருந்தது. பதறிப்போய் அவள் நெஞ்சில் காது வைத்தார். இடப்பக்கம் சத்தமே இல்லை. வலப்பக்கம் துடித்தது.

புதுக் காகிதத்தில் நெகட்டிவை நேராக வைத்து, வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலுக்கு அப்பால் தேயிலைத் தோட்டமே தெரியவில்லை, மூடுபனி இறங்கியிருந்தது.