ஏழாம் நம்பருக்கு ஒரு விருது

மேனேஜர் நொண்டிக்கொண்டே அறைக்குள் வந்தார். ஆலையின் ஓரத்தைத் தடுத்துப் போட்ட கார் ஷெட்டில், தரையிலிருந்து நான்கு பழைய போல்ட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். காரை விட்டு இறங்கும்போது அதில் கட்டைவிரலை இடித்துக்கொள்வது அவருக்கு வாடிக்கை. அந்தக் கோபத்தை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

மேஜைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அந்த அட்டைப்பெட்டி ஆலையின் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர்கள். ஒருத்தியை எல்லோரும் எண்ணெயக்கா என்பார்கள். எதற்குக் கெட்டி எண்ணெய், எதற்கு இளகின எண்ணெய், சூட்டில் ஓடும் செயினுக்கு எது, எந்த பேரிங்குக்கு எத்தனை அமுக்கு கிரீஸ் என்பதெல்லாம் பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு அத்துப்படி.

இன்னொருவன் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்து, கலையாமல் வீட்டுக்குப் போவதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

இனி எண்ணெய் போட ஒரு ஆள் போதும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. யார் இருப்பது, யார் போவது என்று இன்று முடிவாக வேண்டும். எண்ணெயக்காவின் கணவர் இடுப்பொடிந்து படுத்து மூன்று வருஷம். வீடு ஓடுவதே அவள் வேலையால்தான்.

மேனேஜர் இந்த ஆலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உள்ளே போனால் சத்தத்தில் தலை வலிக்கும் என்பதால் இயந்திரங்களோடு அவருக்குப் பழக்கமெல்லாம் காகிதத்தில்தான். மாதாமாதம் பரிசோதனைக் கூடம், யாரோ எப்போதோ கொடுத்த பட்டியல்படி கியர் பெட்டி நம்பர் ஒட்டிய காலி பாட்டில்களை அனுப்பும். ஒன்று முதல் பத்து வரை மாப்பிள்ளைக்கு, மீதிப் பத்து அக்காவுக்கு. ஒவ்வொரு கியர் பெட்டியிலிருந்தும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து அனுப்பினால், உள்ளே என்ன கோளாறு என்று ரிப்போர்ட் வரும். ரத்தப் பரிசோதனை மாதிரிதான்.

"உங்க பத்துலயும் ஏதாவது ஒரு கோளாறு இருக்கேம்மா" என்றார் மேனேஜர். பதினொன்றில் இரும்புத் தூள், பதினாலில் தண்ணீர், பதினெட்டில் தூசி என்று ஒவ்வொன்றாகப் படித்தார்.

பதினாலில் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்த அன்றே, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை மாற்றிவிட்டதாக அவள் சொன்னாள். பதினெட்டின் மூடியில் விரிசல். புது மூடி கேட்டு எழுதிக்கொடுத்து நாலு மாதமாகிறது. அந்தக் காகிதம் மேஜையிலேயே இருந்தது. மேனேஜர் அதன் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்.

"இரும்புத் தூளுக்கு என்ன சொல்றீங்க?"

"ஓடுற பல்லு தேயத்தானே சார் செய்யும். எவ்வளவு தேயுதுன்னு பாக்கத்தான் டெஸ்ட்டே. தூளே இல்லன்னாதான் பயப்படணும்."

இது சப்பைக்கட்டு என்று மேனேஜருக்குத் தோன்றியது. மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டுகளில் தூள் இல்லை, தண்ணீர் இல்லை, தூசி இல்லை. எண்ணெய் அப்போதுதான் டிரம்மைத் திறந்தது போல இருந்தது. இத்தனைக்கும் அவன் தன் டீ ஆறுவதற்குள் பத்துப் பாட்டிலையும் நிரப்பிவிடுவான். அவளுக்கு ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். சுறுசுறுப்பு என்றால் இதுதான் என்றார்.

பிறகு ஒரு பார்சலைப் பிரித்தார். கண்ணாடி போட்ட சான்றிதழ். 'இந்த ஆண்டின் சிறந்த பராமரிப்பு: கியர் பெட்டி எண் 7.' நாளை பத்து மணிக்கு முதலாளியே நேரில் வந்து, ஏழாம் நம்பர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறார். சிபாரிசு செய்தது தான்தான் என்பதை மேனேஜர் இரண்டு முறை சொன்னார்.

மாப்பிள்ளையின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

"ஏழு மேல எனக்குத் தனிப் பாசம் சார். காலைல வந்ததும் அது மொகத்துலதான் முழிப்பேன்."

எண்ணெயக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மேனேஜர் கையமர்த்திவிட்டு, ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த உத்தரவையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். அவளுக்குக் கண் கலங்கியது. பேனாவை எடுத்தாள்.

"போறதுக்கு முன்னாடி அந்த ஏழாம் நம்பரை ஒரு தடவை பாத்துட்டுப் போங்கம்மா. ஒரு மெஷினை எப்படி வெச்சுக்கணும்னு தெரியும்."

அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போடக் கூடாது என்று இத்தனை நாளும் கண்டும் காணாமல் இருந்தவள் அவள். இப்போது மண் விழுவது அவள் பிழைப்பில். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேனேஜரின் வீங்கிய கட்டைவிரலைப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பரைக் கழட்டி எடைக்குப் போட்டு ரெண்டு வருஷமாச்சு சார். அது நின்ன போல்ட்டுலதான் நீங்க தினம் கால இடிச்சுக்கிறீங்க."