முந்திக்கொள்கிற வாசகர்

செய்தித் தளத்துக்கு வரும் வாசகர் கமெண்டுகளைப் படித்து அனுமதிப்பதுதான் அவள் வேலை. விபத்துச் செய்தி என்றால் ஒரு வாசகர் எப்போதும் முந்திக்கொள்வார். இந்த மாதம், செய்தி ஏறுவதற்கு முன்பே அவருடைய 'பாவம்' வந்து நிற்கத் தொடங்கியது.

"ஏதோ சர்வர் நேரக் கோளாறுக்கா, கண்டுக்காதீங்க," என்றான் எதிர் மேஜைத் தம்பி. "ஆனா நம்ம நிருபரைவிட அந்த ஆளு எவ்வளவோ தேவல."

அவளும் சிரித்தபடி அனுமதித்துவிடுவாள்.

இன்று மதியம், "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன்க்கா, சேர்ந்து சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். சற்று நேரத்தில் அந்த வாசகரின் கமெண்ட் வந்தது.

"சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கலையாமே, பாவம்."

அப்படியொரு செய்தியே தளத்தில் இல்லை. அவளுடைய டப்பா மூடியபடி பக்கத்தில் இருந்தது. அவசர அவசரமாகத் திறந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். படபடப்பு அடங்கியது. தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. வழக்கம்போல 'அனுமதி'யை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

எதிர் மேஜையில் அவன் டப்பா இருந்தது. மூடிமேல் போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது.