முற்றிய எலும்பு

“இது குஞ்சும்மா,” என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார் துறைத்தலைவர். பதவிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன அவசரமோ!

எனக்குச் சுருக்கென்றது.

தீவுக் குகையின் மண்ணை இரண்டு கோடைக்காலம் சலித்துச் சலித்து நான் எடுத்த கால் எலும்பு அது. தீக்குச்சியில் பாதி இருக்கும். அதன் பக்கத்தில், கரையோரச் சதுப்பில் இன்றும் திரிகிற அதற்கு நெருங்கிய உறவான பறவையின் கால் எலும்பை எடுத்து வைத்தார். அது இரண்டு மடங்கு நீளம்.

“பக்கத்துல வெச்சுப் பாத்தாலே தெரியுதே. இது இன்னும் வளரவே இல்ல.”

என் எலும்பைக் குஞ்சுகளுக்கான டப்பாவில் போடப் போனார். அதற்குள் விழுந்தால் அவ்வளவுதான். அதற்கென்று ஒரு பெயர் கிடைக்காது. தீவில் அப்படியொரு குட்டைப் பறவையினம் வாழ்ந்தது என்று யாரும் எழுதவும் மாட்டார்கள்.

நல்லவேளை, டப்பா என் கைக்கு எட்டியது. வெடுக்கென்று இழுத்து மூடினேன்.

“சின்னப் புள்ள மாதிரி அடம் புடிக்காதீங்க.”

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. உடைந்த முனை தெரிகிற மாதிரி எலும்பை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, அவர் பக்கம் தள்ளினேன்.

குனிந்து பார்த்தார்.

குஞ்சின் எலும்பு என்றால் மேலே சொரசொரவென்று இருக்கும். இது வழவழவென்று இருந்தது. உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தது. முட்டை ஓட்டுக்காகப் பெட்டைப் பறவை சேர்த்து வைக்கிற சுண்ணாம்பு. முட்டையிடப் போகிறவளைத் தவிர வேறு யாருக்கும் அது ஊறாது.

அது அவருக்கும் தெரியும். தலையை நிமிர்த்த அவருக்கு வெகுநேரம் ஆனது.

“அம்மா, இன்னும் முடியலையா?”

கல்லூரியிலிருந்து நேராக வந்து கதவருகில் நின்றாள் என் மகள். தலைவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த உயரமான ஸ்டூலைப் பார்த்து, இறக்கிவிடக் கையை நீட்டினார்.

“வேணாம் சார். நானே ஏறினேன், நானே இறங்கிப்பேன்.”

பின்பக்கமாகத் திரும்பி, குறுக்குக் கம்பியில் கால் வைத்து இறங்கினேன். தரையில் நின்றபோது மேஜையின் விளிம்பு என் தாடைக்கு வந்தது.

மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவள் இடுப்புக்குச் சற்று மேலே என் தலை.

“இப்பப் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார்,” என்றேன். “இதுல யாரு குஞ்சு?”